பிரதியும் சட்டகமும்: திரைப்பட, நிகழ்த்துகலைப் பதிவுகளின் கோப்பு மாற்றத்தில் பாட ஆய்வின் தேவை

தமிழ்த் திரைப்படத்தை ஆய்வுக்குரிய மூலச் சான்றாகக் கொள்ளும் போக்குக் கல்விப்புலத்தில் வேரூன்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்னும் நூலும், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக நோக்கிய கார்த்திகேசு சிவத்தம்பியின் ஆங்கில நூலும் 1981இல் வெளிவந்தன. அவற்றைத் தொடர்ந்து உரையாடல் நடை, இசைப்பாடல், நாடக மரபின் தொடர்ச்சி, சாதியும் பாலினமும் காட்சிப்படுத்தப்படும் முறை எனப் பல பொருண்மைகளில் ஆய்வேடுகள் தமிழ்த்துறைகளிலேயே எழுதப்பெற்றுள்ளன. இவ்வாய்வேடுகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். சங்கப் பாடலொன்றை மேற்கோள் காட்டுமிடத்துப் பதிப்பாசிரியர், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவற்றைத் தவறாது தரும் ஆய்வாளர், திரைப்படக் காட்சியை மேற்கோள் காட்டுமிடத்துப் படத்தின் பெயரையும் வெளியீட்டாண்டையும் தந்து அமைந்துவிடுகிறார். எந்தப் பிரதியைக் கண்டார் என்பது கூறப்படுவதில்லை. கேட்கப்படுவதும் இல்லை.

கேட்கப்படாமைக்கு ஒரு காரணம் உண்டு. ஏட்டுச்சுவடி ஒருவர் கையால் எழுதப்பட்டது. ஆதலின் பிழை நேரும். திரைப்படமோ பொறியால் படியெடுக்கப்படுவது. ஆதலின் எல்லாப் பிரதியும் ஒன்றே. இந்நம்பிக்கை பலர் மனத்தில் உறைந்துள்ளது. இது பிழையான நம்பிக்கை. 1950களில் எடுக்கப்பட்ட ஒரு படம் இன்று ஆய்வாளரின் மடிக்கணினியை அடையுமுன் திரைச்சுருளிலிருந்து ஒளிநாடாவுக்கும், நாடாவிலிருந்து விசிடிக்கும், விசிடியிலிருந்து கணினிக் கோப்புக்கும், அக்கோப்பிலிருந்து இணையத் தளத்தின் மற்றொரு கோப்புக்கும் மாறி வந்திருக்கக்கூடும். மாறிய ஒவ்வோரிடத்தும் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டுள்ளன. ஒன்று, பிரேம் எனத் தொழிலாளர் வழங்கும் சட்டகத்தின் அளவு பற்றியது. மற்றொன்று, நொடிக்கு எத்தனை சட்டகம் என்னும் காலம் பற்றியது. பெரும்பாலும் இம்முடிவுகளை எடுத்தவர் ஒரு மனிதர்கூட அல்லர். மென்பொருளின் முன்னமைவே அவற்றை எடுத்தது. ஆகவே கோப்பாக நம்மிடம் உள்ளது படம் அன்று. படத்தின் ஒரு பாடம். அதனைப் பாடமாகவே கொண்டு ஆராய வேண்டிய பொறுப்பு, பதிப்புக் கலையைத் தன் பெருமையாகக் கருதும் தமிழ்த்துறைக்குப் பிற துறைகளைவிடக் கூடுதலாக உண்டு.

காலம்

பேசும்படம் நொடிக்கு 24 சட்டகம் என்னும் வேகத்தில் எடுக்கப்பட்டு அதே வேகத்தில் காட்டப்படுவது. இந்தியத் தொலைக்காட்சியும் இங்குப் புழங்கிய ஒளிநாடாவும் விசிடியும் பின்பற்றிய பிஏஎல் முறையோ நொடிக்கு 25 சட்டகம் உடையது. இருபத்துநான்கை இருபத்தைந்தாக்க இரு வழிகள் உள்ளன. நொடிக்கு ஒரு சட்டகத்தை இருமுறை காட்டி ஈடுசெய்யலாம். அவ்வாறு செய்தால் காலம் மாறாது, அசைவில் மட்டும் ஒரு சிறு தடுக்கல் தோன்றும். அன்றிப் படம் முழுவதையும் சற்று விரைவாக ஓடவிட்டு நொடிக்கு 25 சட்டகமாகக் காட்டலாம். எளிமை கருதியும் அசைவின் ஒழுங்கு கருதியும் இரண்டாம் வழியே உலகெங்கும் பெருவழக்காயிற்று. அதன் விளைவு, 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். படமும் ஒலியும் ஒருசேர விரைவதால் வாயசைவும் சொல்லும் பிசகுவதில்லை. எனவே பார்ப்பவர் எவரும் ஐயுறுவதில்லை.

நான்கு விழுக்காடுதானே என எண்ணலாம். இசையாய்வாளருக்கு அது சிறிதன்று. ஆதார சட்சம் 240 ஹெர்ட்ஸில் பாடப்பட்ட பாடல் அப்பிரதியில் 250 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வித்துவான்களின் வழக்கில் சொல்வதாயின், அரைக் கட்டை என்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு சுருதி ஏறிவிடுகிறது. நிமிடத்திற்கு 72 தட்டாக அமைந்த காலப்பிரமாணம் 75 தட்டாகிவிடுகிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர் எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்பது இசையன்பர்கள் இன்றும் விவாதிக்கும் செய்தி. ‘ஹரிதாஸ்’ (1944) படத்தின் கோப்பொன்றைக் கொண்டு, அதன் வேகத்தைச் சரிபாராமல் அவ்விவாதத்தில் முடிவு கூறுபவர், பாகவதரின் குரலோடு ஒரு தொலைக்காட்சித் தரமுறையின் வேகத்தையும் சேர்த்தே அளக்கிறார். இசைத்தட்டோடு ஒப்பிடலாமே எனின், நிமிடத்திற்கு 78 சுற்று எனக் குறிக்கப்பட்ட பழைய தட்டுகளும் அவ்வேகத்தில்தான் பதியப்பட்டன என்பதற்கு உறுதியில்லை. அதனை அளவுகோலாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை.

மொழியியலாளருக்கும் இதே இடர் உண்டு. ‘பராசக்தி’ (1952) போன்ற படங்களின் உரையாடல் வேகத்தை நிமிடத்திற்கு இத்தனை அசை எனக் கணக்கிட்டு, மேடைப்பேச்சு நடையோடு ஒப்பிட விழையும் ஆய்வு பயனுடையதே. எனினும் கணக்கிடப்படும் கோப்பு விரைவுபடுத்தப்பட்டதாயின், ஒவ்வோர் உயிரின் மாத்திரையும் நான்கு விழுக்காடு குறுகியிருக்கும். குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் அதே அளவில் உயர்ந்திருக்கும். அண்மைக் காலத்து மென்பொருள்கள் சிலவற்றில், காலத்தை மாற்றும்போது சுருதியை மட்டும் பழைய நிலைக்குக் கொணரும் வசதி உண்டு. அதனால் குழப்பம் தீர்வதில்லை. சுருதி சரியாகவும் காலம் பிழையாகவும் உள்ள மூன்றாம் பாடம் ஒன்று உருவாகிறது.

மேற்கோள் ஆட்சியிலும் இதன் தாக்கம் நேரடியானது. ஒரு காட்சி 1 மணி 30 நிமிடத்தில் தொடங்குவதாக ஆய்வேடு குறிக்கிறது எனக் கொள்வோம். விரைவுபடுத்திய பிரதியில் அதே காட்சி 1 மணி 26 நிமிடம் 24 நொடியிலேயே தொடங்கிவிடும். குறிப்பைச் சரிபார்க்க முனையும் பிறிதோர் ஆய்வாளர், குறித்த இடத்தில் வேறொரு காட்சியைக் காண்பார். பக்க எண் பிழையான மேற்கோளுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளுக்குச் சென்ற பிரதிகளின் கதை வேறு. அங்கு வழங்கிய என்டிஎஸ்சி முறை நொடிக்கு 29.97 சட்டகம் உடையது. நான்கு திரைச் சட்டகங்களைப் பகுத்துக் கலந்து ஐந்து ஒளிக்காட்சிச் சட்டகங்களாக்கும் உத்தி அங்குக் கையாளப்பட்டது. அதில் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கே குறையும். மூன்று மணி நேரப் படத்தில் அது ஏறத்தாழ 11 நொடி. எனவே டொராண்டோவில் அமர்ந்து ஒருவர் எழுதும் கால எண்ணும் திருச்சிராப்பள்ளியில் அமர்ந்து மற்றொருவர் எழுதும் கால எண்ணும் பொருந்தாமற் போவதற்கு, இருவருள் ஒருவர் கவனக்குறைவாக இருந்திருக்க வேண்டியதில்லை.

சட்டகத்தின் அளவு

காலத்தின் மாற்றம் கண்ணுக்குப் புலனாகாது. அளவின் மாற்றம் புலனாகும். ஆயினும் பழகிப்போனதால் உறுத்துவதில்லை. பேசும்படக் காலத்துப் பொதுச் சட்டகம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலம் உடையது. பழைய தொலைக்காட்சித் திரை 1.33 மடங்கு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகையால் அக்காலத்தில் பெருஞ்சிக்கல் எழவில்லை. இன்றைய திரை 1.78 மடங்கு. பழைய படத்தை இதில் இருபுறமும் கருப்புப் பட்டை விட்டுக் காட்டுவதே முறை. ஆனால் வாங்கிய திரை முழுவதும் நிறைய வேண்டும் என்னும் ஆசையை வணிகம் மறுப்பதில்லை. அதற்கென இரண்டு குறுக்கு வழிகள் உள்ளன. படத்தை அகலவாக்கில் இழுத்தால் ஒவ்வொருவரும் முப்பது விழுக்காடு பருத்துவிடுவர். மேலும் கீழும் வெட்டினால் சட்டகத்தின் உயரத்தில் 23 விழுக்காடு தொலைந்துபோகும். திரையரங்கின் ஸ்கோப் அகலத்திற்கு, அதாவது 2.35 மடங்குக்கு வெட்டினால் தொலைவது 42 விழுக்காடு.

‘சந்திரலேகா’ (1948) படத்தின் முரசு நடனத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். முரசுகளின் வரிசையும் அவற்றின்மேல் ஆடுவோரின் வரிசையும் சேர்ந்து சட்டகத்தின் உயரம் முழுவதையும் ஆள்வதே அக்காட்சியின் கட்டமைப்பு. உயரத்தில் கால் பங்கை நீக்கியபின் எஞ்சுவது நடனம்தான், ஆனால் எஸ்.எஸ். வாசன் காட்ட விரும்பிய பேருருவம் அன்று. அவ்வெட்டுப்பிரதியைக் கண்டு ‘வாசனின் காட்சியமைப்பில் நெருக்கம்’ என்றொரு கட்டுரை எழுதப்படுமாயின், அது வாசனைப் பற்றிய கட்டுரையாகாது.

இதற்கு எதிர்த்திசை இழப்பும் நேர்ந்துள்ளது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்ற அகலத்திரைப் படங்களைப் பழைய தொலைக்காட்சிச் சட்டகத்தில் நிரப்பினால் அகலத்தில் 57 விழுக்காடே எஞ்சும். அரசவையின் ஓர் ஓரத்தில் பேசுபவரும் மற்றோர் ஓரத்தில் கேட்பவருமாக ஒரே சட்டகத்தில் அமைக்கப்பட்ட காட்சியில், ஒரு நேரத்தில் ஒருவரையே காட்ட முடியும். அதனால் படியெடுப்பவர் பேசுபவரிலிருந்து கேட்பவருக்குச் சட்டகத்தை நகர்த்துகிறார்; அல்லது ஒரு வெட்டை இடுகிறார். இயக்குநர் செய்யாத கேமரா நகர்வும் படத்தொகுப்பாளர் இடாத வெட்டும் அப்பிரதியில் தோன்றிவிடுகின்றன. திரைமொழி ஆய்வில் ஷாட்டுகளை எண்ணுவோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும்.

பழைய படங்கள் எண்ணிம வடிவில் மீண்டும் திரையரங்குக்கு வருவதை வரவேற்பதில் தயக்கம் வேண்டுவதில்லை. ‘கர்ணன்’ (1964) 2012இல் மறுவெளியீடு கண்டு பெற்ற வரவேற்பு, பழம்படங்களைப் பேணுவதற்குப் பொருளியல் நியாயமும் உண்டு எனக் காட்டிற்று. எனினும் மறுவெளியீட்டுப் பிரதி இன்றைய பார்வையாளருக்காகச் செப்பனிடப்படுவது. ஆய்வுப் பிரதி அத்தகையதன்று. பள்ளி மாணவர்க்கெனச் சந்தி பிரித்து அச்சிட்ட மலிவுப் பதிப்பு தீயதன்று. ஆயினும் பாடவேறுபாடு பற்றிய ஆய்வில் அதனைச் சான்றாகக் காட்டுவார் இலர்.

இணையத்தில் இன்று பெருகிவரும் ‘4கே, 60 பிரேம்’ பாடற்காட்சிகள் தனியே குறிக்கத்தக்கவை. நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்டதை 60ஆக்கும்போது, மூலச் சட்டகத்தின் கணத்தோடு பொருந்தி வரக்கூடியவை 60இல் 12 மட்டுமே. ஏனைய 48 சட்டகங்கள், முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு கணினி கற்பித்துக்கொண்டவை. இவற்றிற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. இடைச்செருகல் என்னும் சொல் தமிழில் முன்பே உள்ளது. நடனக் கலைஞரின் விரல் முத்திரையை இத்தகைய கோப்பில் நிறுத்தி ஆராய்பவர், எந்நாளும் எவர் கையிலும் தோன்றாத ஒரு நிலையை ஆராய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

ஒளிநாடாவில் உறங்கும் கூத்து

மேற்கூறியவை ஓரளவு மீட்கத்தக்க இழப்புகள். திரைச்சுருளோ நெகட்டிவோ எங்கேனும் எஞ்சியிருப்பின் மீண்டும் படியெடுக்கலாம். மீட்க இயலாத இழப்பு நேரக்கூடிய இடம் வேறு. அது தமிழ்த்துறைகளுக்கும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளுக்கும் மிக அருகில், அவற்றின் அலமாரிகளிலேயே உள்ளது. 1980களிலும் 1990களிலும் களப்பணிக்குச் சென்ற ஆசிரியர்களும் மாணவர்களும் தெருக்கூத்து, தோற்பாவைக்கூத்து, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, ஒப்பாரி முதலியவற்றை விஎச்எஸ், ஹை8 நாடாக்களில் பதிந்தனர். அவற்றில் ஆடியவர் பலர் இன்றில்லை. அந்நாடாவுக்கு மேற்பட்ட மூலமும் இல்லை. இப்பதிவுகள் இப்போது ‘எண்ணிமமாக்கம்’ என்னும் பெயரில் சிறு கோப்புகளாக மாற்றப்பட்டு வருகின்றன. எண்ணிமமாக்கம் வேண்டும் என்பதில் இருகருத்து இல்லை. எவ்வாறு என்பதிலேயே ஆய்வாளர் தலையிட வேண்டியுள்ளது.

இந்நாடாவின் இயல்பைச் சற்று விரித்துரைப்பது தகும். பிஏஎல் ஒளிக்காட்சி நொடிக்கு 25 சட்டகம் எனக் கூறப்பட்டாலும், ஒவ்வொரு சட்டகமும் ஒரே கணத்தில் பதிவானதன்று. படத்தின் 576 கிடைவரிகளுள் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மறு கணத்திலும் பதியப்படும். இவ்வரித்தொகுதிகளைப் புலங்கள் எனலாம். தொழிலில் ஃபீல்டு என்பர். ஆக, ஒரு நொடியில் 50 வெவ்வேறு கணங்கள் நாடாவில் உள்ளன. கணினித்திரை சட்டகத்தை முழுமையாக ஒரே நேரத்தில் காட்டுவதால், இவ்விரு கணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றி, அசையும் உருவின் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தெரியும். கோப்பு மாற்றுபவர் இதனைப் பழுது எனக் கருதுகிறார். அதனை நீக்க எளிய வழி ஒரு புலத்தை அப்படியே விட்டுவிடுவது. கோடுகள் மறைந்துவிடும். அவற்றோடு 288 வரிகளும் நொடிக்கு 25 கணங்களும் மறைந்துவிடும்.

கூத்தாய்வில் இதன் பொருள் யாது? கூத்தரின் கை நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது எனக் கொண்டால், ஐம்பது கணப் பதிவில் அடுத்தடுத்த இரு நிலைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 6 செ.மீ. இருபத்தைந்து கணப் பதிவில் அது 12 செ.மீ. நொடிக்குப் பத்துச் சொற்கட்டுகள் விழும் விரைவான மிருதங்க வாசிப்பில், ஒரு விரலடிக்கு முன்னர் ஐந்து படிமங்கள் இருந்தன. பின்னர் இரண்டோ மூன்றோதான் எஞ்சும். எந்த விரல் எந்த இடத்தில் பட்டது என்பதை இரண்டு படிமங்களைக் கொண்டு உறுதியாகக் கூற முடியாது. சுழன்றாடும் அடவில் கால் எப்போது தரையை விட்டது, தாளத்தின் எந்த எண்ணிக்கையில் மீண்டும் ஊன்றியது என்பனவும் அவ்வாறே. இனி ஒருவரும் ஆடிக்காட்ட இயலாத ஓர் அடவின் ஒரே சான்றில் பாதியை, திரையில் தோன்றிய கோடுகள் அழகாக இல்லை என்பதற்காக எறிந்துவிடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. புலங்களைப் பிரிக்காமலே சட்டகத்தின் உயரத்தை 576 வரியிலிருந்து 480க்கோ 720க்கோ மாற்றுவது. அளவு மாற்றம் என்பது அண்டை வரிகளைக் கலந்து புதுவரிகளை ஆக்குவது. அண்டை வரிகள் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவையாதலால், இரு கணங்களும் மாவும் நீரும் போலக் கலந்துவிடுகின்றன. பின்னர் எம்மென்பொருளாலும் அவற்றைப் பிரித்தல் அரிது. ஏட்டின் இரண்டு பக்க எழுத்துகளையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிவிட்டு, ஏட்டை எரித்துவிடுவதற்கு இது நிகர். முறைப்படி செய்வதாயின், ஒவ்வொரு புலத்தையும் ஒரு முழுச் சட்டகமாக விரித்து நொடிக்கு 50 சட்டகமுள்ள பார்வைப் பிரதியை முதலில் ஆக்கிக்கொள்ள வேண்டும். அளவு மாற்றம் அதன் பின்னரே. கட்டணமின்றிக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருளிலேயே இதற்கான வடிகட்டிகள் உள்ளன.

அகலத்திலும் ஒரு கண்ணி உள்ளது. பிஏஎல் எண்ணிமச் சட்டகம் 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமும் உடையது. ஆனால் அப்புள்ளிகள் சதுரம் அல்ல, சற்றே அகன்றவை. காட்டும்போது 768 புள்ளி அகலத்திற்கு விரித்துக் காட்ட வேண்டும். இக்குறிப்பைக் கோப்பு இழந்துவிட்டால் ஆடுபவர் அனைவரும் ஆறு விழுக்காடு மெலிந்து தோன்றுவர். முடியும் புஜக்கட்டையும் அணிந்து தோளின் அகலத்தைப் பெருக்கிக் காட்டுவதே தெருக்கூத்து ஒப்பனையின் நோக்கம் என்பதை அறிந்தோர்க்கு, அகலம் குறைந்த படிமம் அவ்வொப்பனையின் கருத்தையே சிதைப்பது தெளிவாகும். விஎச்எஸ் நாடாவின் அடியில் தோன்றும் நடுங்கும் பட்டையை வெட்டியெறிந்துவிட்டு, மிஞ்சியதை மீண்டும் முழு உயரத்திற்கு இழுத்துவிடும் வழக்கமும் உண்டு. அங்கு விகிதம் வேறொரு வகையில் பிறழ்கிறது.

தடயம் இல்லாப் பிழை

ஏட்டுச்சுவடியோடு கோப்பை ஒப்பிடும் இவ்வாதம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் கூறியாக வேண்டும். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது அவருக்குத் துணையாக நின்றவை பல பிரதிகள் மட்டுமல்ல. தளை தட்டினால் யாப்பு காட்டிக்கொடுத்தது. பொருள் முறிந்தால் உரை காட்டிக்கொடுத்தது. மொழியின் உள்ளமைப்பே பிழையைச் சுட்டிற்று. நான்கு விழுக்காடு விரைந்த படத்தில் அத்தகைய உள்முறிவு ஏதும் இல்லை. சீராக எல்லாமே மாறியிருப்பதால் எதுவும் மாறியதாகத் தோன்றுவதில்லை. ஆகவே இங்குப் புறச்சான்றுகளைத் தேட வேண்டும்.

அவை இல்லாமலில்லை. தணிக்கைச் சான்றிதழ் படத்தின் நீளத்தையும் ரீல் எண்ணிக்கையையும் தருகிறது. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் நீளமுள்ள படம் ஏறத்தாழ 146 நிமிடம் ஓட வேண்டும். கையிலுள்ள கோப்பு 140 நிமிடமே ஓடினால் அது விரைவுபடுத்தப்பட்டது என ஐயுறலாம். காட்சி விடுபட்டமையாலும் நேரம் குறையுமே எனின், இரண்டையும் வேறுபடுத்த முடியும். விடுபாடு ஓரிடத்தில் திடீரென நிகழ்வது. வேக மாற்றமோ தொடக்கம் முதல் இறுதிவரை சீராக வளர்வது. வேறு வேகமுள்ள பிரதியொன்றோடு ஐந்தாறு இடங்களில் ஒப்பிட்டால் இது விளங்கிவிடும். அக்காலப் பாட்டுப்புத்தகங்கள் விடுபட்ட பாடலைக் காட்டிக்கொடுக்கும். பழைய ஒலித்தடத்தில் மின்னோட்டத்தின் முணுமுணுப்புப் பதிந்திருப்பின் அதுவும் ஒரு சான்று. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். படப்பிடிப்பிலேயே பதிந்த முணுமுணுப்பு விரைந்த பிரதியில் 52 ஹெர்ட்ஸாகக் காணப்படும். சட்டகத்தின் விகிதத்தை அறிய இன்னும் எளிய வழியுண்டு. நேர்முகமாகக் காட்டப்படும் வண்டிச்சக்கரமோ, இசைத்தட்டோ, முழுநிலவோ வட்டமாக உள்ளதா என அளந்தாலே போதும்.

இவையெல்லாம் தொழில்நுட்பருக்கு உரியவை, தமிழாய்வாளருக்கு உரியது உள்ளடக்கம் என்னும் மறுப்பு எழக்கூடும். எழுத்தின் வடிவை ஆராய்வது ஏடெழுதுவோர் தொழில், பொருளை ஆராய்வதே புலவர் தொழில் எனப் பதிப்பாசிரியர்கள் ஒதுங்கியிருந்தால் நம் நூல்கள் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பொருட்செலவு பற்றிய மறுப்பே உண்மையில் எடை உடையது. ஒரு மணி நேர ஒளிநாடாவைச் சுருக்கமின்றிச் சேமிக்க ஏறத்தாழ 75 ஜிகாபைட் வேண்டும். ஆனால் இழப்பில்லாச் சுருக்க முறைகள் உள்ளன. ஆவணக் காப்பகங்கள் பல கையாளும் எஃப்எஃப்வி1 என்னும் முறை அதனைப் பாதியளவுக்குக் குறைக்கவல்லது. அதன் வரையறை 2021இல் ஆர்எஃப்சி 9043 ஆகப் பொதுவில் வெளியிடப்பட்டுள்ளது. உரிமக் கட்டணமும் இல்லை. நூறு மணி நேரப் பதிவு நான்கு டெராபைட் அளவில் அடங்கும். கடைகளில் விற்கும் வன்வட்டு ஒன்றே அதற்குப் போதும். பாதுகாப்புக்காக மற்றொன்றில் படி வைத்தாலும் இரண்டுதான். ஒரு கருத்தரங்கின் விருந்துச் செலவை நினைத்தால் இதனைப் பெருஞ்செலவு எனக் கூறுவது கடினம்.

ஆகவே வேண்டுவன மிகுதியல்ல. நாடாவிலிருந்து முதலில் எடுக்கப்படும் கோப்பில் சட்டகத்தின் அளவையும் காலத்தையும் புலங்களின் வரிசையையும் எவ்வகையிலும் மாற்றலாகாது. கோடும் நடுக்கமும் இருந்தவாறே இருக்கட்டும். வெட்டுதல், அளவு மாற்றல், கோடு நீக்கல் யாவும் அதிலிருந்து ஆக்கப்படும் பார்வைப் பிரதியில் நிகழட்டும். எதனை எவ்வரிசையில் செய்தார் என்பதை மாற்றியவர் ஒரு பக்கத்தில் எழுதி அக்கோப்போடு வைக்கட்டும். ஆய்விதழ்களும் தம் பங்குக்கு, திரைப்படத்தையோ நிகழ்த்துகலைப் பதிவையோ சான்றாகக் காட்டும் கட்டுரையில் பிரதியின் வகை, ஓடும் நேரம், சட்டக வேகம், சட்டக அளவு ஆகிய நான்கையும் கேட்டுப் பெறலாம். இவை கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் கிடைப்பவை. கட்டுரையாளருக்கு ஒரு வரி கூடும். மதிப்பீட்டாளருக்கு ஒரு வினா கூடும்.

ஆவணப்படுத்தலில் இதற்குமேல் காலந்தாழ்த்த இடமில்லை என்பதற்கு நாடாக்களின் சிதைவு மட்டும் காரணமன்று. ஒளிநாடாக் கருவிகளைத் தொடர்ந்து உற்பத்தி செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய் 2016 சூலையில் அதனை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் கருவிகள் எல்லாம் பழையவை. அவற்றின் தலைப்பகுதி தேய்ந்தால் மாற்றுறுப்புக் கிடைப்பது அரிது. ஓர் அலமாரியில் இருநூறு நாடாக்களும் ஒரே ஒரு கருவியும் இருக்குமாயின், எந்நாடாவை முதலில் ஓட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் தொழில்நுட்பர் அல்லர். அதில் ஆடுபவர் எவர், அவ்வாட்டம் வேறெங்கும் பதிவாகியுள்ளதா, அவ்வழி கற்ற மாணாக்கர் எவரேனும் உளரா என்பவற்றை அறிந்த ஆய்வாளரே அப்பட்டியலை எழுத வேண்டும்.